நியோ-கன்ஃபூசியனிசத்தை புலிகிட்ட அடிபட்ட விவசாயிகிட்டேர்ந்து ஆரம்பிங்க

நீங்க கேட்டது இதுதான்: தத்துவத்துல ஆர்வம் இருக்கு, சீனாவுல கன்ஃபூசியஸ் வழியைப் புதுப்பிச்ச நியோ-கன்ஃபூசியனிசம் படிக்கலாம்னு ஒரு புத்தகத்தை எடுத்தேன், முதல் இருபது பக்கத்துலயே லி, ச்சி, தைஜின்னு வரிசையா வந்து தலை சுத்துது, இதோட மையக் கருத்துதான் என்ன, எந்த வரிசையில படிக்கிறது, இது நம்ம அத்வைதம் மாதிரியா. நான் பத்து பன்னிரண்டு வருஷமா இதைப் படிச்சிட்டு வரேன், எனக்கும் ஆரம்பத்துல அதே இருபதாவது பக்கத்துலதான் வண்டி நின்னுச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

நிறைய புத்தகம் செய்யற தப்பு என்னன்னா பிரபஞ்சம் எப்படி உண்டாச்சுங்கிற எடத்துல ஆரம்பிக்கிறாங்க. 11ஆம் நூற்றாண்டுல ஜோ துன்யின்னு ஒருத்தர், அவர் வரைஞ்ச ஒரு வட்டப்படம், அதுலேர்ந்து யின் யாங், அதுலேர்ந்து ஐம்பூதம் மாதிரி அஞ்சு, அப்புறம் உலகம். வரலாற்றுக் கணக்குல அது சரியான வரிசைதான். ஆனா படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னே தெரியாது. கேள்வி என்னன்னு தெரியாம விடையை மட்டும் மனப்பாடம் பண்ற மாதிரி ஆயிடும். இவங்க அத்தனை பேரும் மண்டையை ஒடைச்சிக்கிட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன்: எது நல்லதுன்னு தெரிஞ்சும் மனுஷன் ஏன் அதை செய்ய மாட்டேங்கிறான்? லி, ச்சி, தைஜி எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனப்ப தேவைப்பட்ட சாமான்கள்.

செங் யின்னு ஒருத்தர், 1033லேர்ந்து 1107 வரைக்கும் இருந்தவர். அவர் சொன்ன ஒரு சம்பவம். ஒரு விவசாயி, முன்னாடி ஒரு தடவை புலிகிட்ட மாட்டி அடிபட்டவன். ஒரு நாள் யாரோ வந்து புலி ஊருக்குள்ள ஆளை அடிக்குதுன்னு சொல்றாங்க. கேட்டவங்க எல்லாரும் பயந்தாங்க, ஆனா அந்த விவசாயி முகம் மட்டும் வெளிறிப்போச்சு, மத்தவங்க பயமும் அவன் பயமும் ஒண்ணு இல்ல. புலி ஆளைக் கொல்லும்னு சின்னக் குழந்தைக்குக்கூட தெரியும், ஆனா நெசமா தெரிஞ்சது அவன் ஒருத்தனுக்குத்தான். இதை சொல்லிட்டு செங் யி சொல்றாரு, ஒருத்தன் தப்புன்னு தெரிஞ்சும் ஒண்ணை செய்யறான்னா அவனுக்கு இன்னும் அது அந்த விவசாயிக்குத் தெரிஞ்ச மாதிரி தெரியலைன்னு அர்த்தம், தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டான்.

இந்தக் கதையை ஒரு வாரம் மனசுல போட்டு வெச்சிக்கோங்க. சிகரெட் பாக்கெட்ல படம் போட்டிருக்கு, குடிக்கிறவனுக்கும் படிக்கத் தெரியும், ஆனாலும் குடிக்கிறான். அதே ஆளு ஒரு தடவை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு வந்தா விடறான். நடுவுல அவனுக்குப் புதுசா எந்தத் தகவலும் கிடைக்கல. அப்ப என்னதான் மாறுச்சு? புலிகிட்ட கடிபடாமலே, வெறும் படிப்பாலயும் பழக்கத்தாலயும் அந்த மாதிரி தெரிஞ்சிக்க முடியுமா? இதுக்கு வழி சொல்றேன்னு எறங்கினவங்கதான் இவங்க.

இப்ப பின்னணியை சுருக்கமா சொல்லிடறேன். சோங் வம்ச காலம், 960லேர்ந்து 1279 வரைக்கும். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதணும், பரீட்சைக்கு கன்ஃபூசியஸ் மரபு நூல்களை உருப்போடணும். ஆனா மனசுன்னா என்ன, சாவுன்னா என்ன, நிம்மதி எங்கேன்னு கேக்கத் தோணினா படிச்சவங்க எல்லாரும் சான் பௌத்த மடத்துக்குத்தான் போவாங்க (நம்ம காஞ்சிபுரத்தோட சேத்து சொல்ற போதிதர்மரை முதல் குருவா வெச்சிருக்கிற அதே சான்தான், ஜப்பான்ல ஜென்). கன்ஃபூசியஸ் பரீட்சைக்கு, புத்தர் மனசுக்குன்னு பாகம் பிரிச்சு வெச்சிருந்தாங்க. அந்தப் பாகப்பிரிவினையை ஏத்துக்காத ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஜோ துன்யி, ஜாங் ஸாய், செங் ஹாவ் செங் யி அண்ணன் தம்பி, அப்புறம் நூறு வருஷம் கழிச்சு இவங்க எல்லாரையும் ஒரே மாலையா கோர்த்த ஜூ ஷி, 1130லேர்ந்து 1200. அந்த ஜூ ஷியே சின்ன வயசுல சான் பக்கம் போய், லி தோங்ங்கிற வாத்தியார் கையில மாட்டித்தான் திரும்பி வந்தாரு. நியோ-கன்ஃபூசியனிசம்ங்கிற பேரு பிற்பாடு மேல்நாட்டுக்காரங்க வெச்சது, சீனாவுல தாவ்ஷுவே, அதாவது 'வழி'யைப் பத்தின படிப்புன்னும், லிஷுவே, அதாவது லி பத்தின படிப்புன்னும் சொல்வாங்க.

சரி, லி. தலை சுத்தினது இங்கதானே. அகராதியில 'தத்துவம்', 'நியதி', 'ஒழுங்கு'ன்னெல்லாம் போட்டிருக்கும், அதை மறந்துடுங்க. இந்த எழுத்து பழைய காலத்துல ஜேட் கல்லுல ஓடற ரேகையை, அந்த ரேகை பாத்து கல்லை செதுக்குறதைக் குறிச்சதுன்னு சொல்வாங்க. மர வேலை செய்யறவங்களைப் பாத்திருக்கீங்களா? இழைப்புளி போடறதுக்கு முன்னாடி பலகையைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சு ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாப்பாங்க. வாக்குல இழைச்சா சுருள் சுருளா வழுக்கிட்டு வரும், வாக்குக்கு எதிரா இழைச்சா பலகை பிஞ்சு செதில் செதிலா எழும்பும். அந்த 'வாக்கு'ன்னு சொல்றோமே, அதுதான் லிக்கு நான் தமிழ்ல கண்டுபிடிச்சதுலயே கிட்டத்துல வர்ற வார்த்தை. அது மரத்துக்கு வெளியிலேர்ந்து யாரும் போட்ட சட்டம் இல்ல, மரத்துக்குள்ளயே இருக்கு, ஆனா அதைத் தனியா உருவி எடுத்து காட்ட முடியாது. படகுக்கு ஒரு வாக்கு இருக்கு, தண்ணியில போகும், தரையில போகாது. அப்பா மகன் உறவுக்கு ஒரு வாக்கு இருக்கு, கோவத்துக்கும் ஒரு வாக்கு இருக்கு. இவங்க துணிஞ்சு சொல்ற விஷயம் என்னன்னா, மரத்துல ஓடற வாக்கும் மனுஷ உறவுல ஓடற வாக்கும் கடைசியில ஒண்ணுதான், அந்த மொத்தத்துக்குப் பேருதான் தைஜி. ஆத்துல, குளத்துல, குடத்துத் தண்ணியில எல்லாம் நிலா தெரியுதே, அதுக்காக நிலாவை யாரும் பங்கு போட்டுக் குடுக்கல, ஒவ்வொண்ணுலயும் முழு நிலா. ஜூ ஷி இந்த உவமையை பௌத்தர்கள்கிட்டேர்ந்து எடுத்தாரு.

ச்சி ('உச்சி'யில வர்ற ச்சி மாதிரி சொல்லுங்க) அதோட ஜோடி. மூச்சு, ஆவி, காத்து, பொருள், சக்தி எல்லாம் சேர்ந்த ஒண்ணு. கல்லு கெட்டியான ச்சி, மூச்சு லேசான ச்சி, நம்ம ஒடம்பும் ச்சி, சட்டுனு ஏறுற கோவமும் ச்சி. உலகத்துல இருக்கிற எதுவுமே ச்சியால ஆனது, அந்த ச்சி ஓடற வாக்கு லி. ஜூ ஷி என்ன சொல்றாருன்னா ரெண்டும் பிரியாது ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. இங்கதான் நம்ம முதல் கேள்விக்கு அவர் பதில் வருது: எல்லா மனுஷனுக்குள்ளயும் இருக்கிற லி ஒண்ணுதான், அது நல்லதுதான், ஆனா ஒவ்வொருத்தனுக்கும் வாய்ச்ச ச்சி வேற. முத்து ஒண்ணுதான், தெளிஞ்ச தண்ணியில கெடந்தா பளிச்சுனு தெரியும், கலங்கின தண்ணியில கெடந்தா தெரியாது. முத்து கெட்டுப்போகல. தண்ணியைத் தெளிய வெக்கிறதுதான் வேலை, அந்த வேலைக்குப் பேருதான் படிப்பு.

அத்வைதம் மாதிரியான்னு கேட்டீங்களே, அந்த நிலா உவமையைப் பாத்தா அப்படித்தான் தோணும், நானும் ரெண்டு வருஷம் அப்படியேதான் படிச்சேன், அதனால நிறைய விஷயம் கண்ணுக்குத் தப்பிடுச்சு. இவங்களுக்கு உலகம் மாயை இல்ல. ஜாங் ஸாய் பௌத்தர்களோட சண்டை போட்டதே, வானத்தையும் பூமியையும் பொய்த் தோற்றம்னு சொல்லிட்டு அப்பா அம்மாவுக்கு எப்படி சோறு போடுவீங்கங்கிற ரீதியிலதான். லியை அடையறதுக்கு குடும்பத்தை விட்டு, ஊரை விட்டு, வேலையை விட்டு எங்கயும் போக முடியாது, ஏன்னா அது அந்த உறவுகளுக்குள்ளதான் ஓடுது. வானம் என் அப்பா, பூமி என் அம்மா, மக்கள் எல்லாம் என் கூடப் பொறந்தவங்கன்னு அவர் தன் படிப்பறை மேற்குச் சுவத்துல எழுதி வெச்சாரு. அது சின்னக் கட்டுரைதான், ஒரு பக்கம் வராது, நியோ-கன்ஃபூசியனிசத்துல எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே பகுதி அதுதான்.

அப்ப தண்ணியை எப்படித் தெளிய வெக்கிறது? 'மகா கல்வி'ன்னு ஒரு பழைய சின்ன நூல் இருக்கு, அதோட மூலம் 205 சீன எழுத்துதான். உலகத்துக்கு அமைதி வேணும்னா நாட்டை சரி பண்ணு, அதுக்கு வீட்டை, அதுக்கு உன்னை, அதுக்கு மனசை, அதுக்கு எண்ணத்தை, அதுக்கு அறிவை வளர்த்துக்க, அறிவை வளர்க்கிறது 'கவூ'ல இருக்குன்னு படி படியா எறங்கும். கடைசிப் படியான இந்த கவூன்னா என்னன்னு அந்த நூல்ல விளக்கமே இல்ல. பொருள்களை அணுகறது, ஆராயறதுன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டாங்க. ஜூ ஷி என்ன பண்ணாருன்னா, இங்க ஒரு பகுதி தொலைஞ்சு போயிருக்கணும்னு முடிவு பண்ணி, செங் யி கருத்தை வெச்சு 134 எழுத்துல தானே ஒரு பகுதியை எழுதிச் சேத்துட்டாரு. ஒரு புனித நூல்ல கை வெக்கிற தைரியம்! அந்தப் பகுதியோட சாரம்: பொருள் ஒவ்வொண்ணுலயும் இருக்கிற லியை விடாம தேடிட்டே போ, ரொம்ப நாள் உழைச்சா ஒரு நாள் திடீர்னு எல்லாம் தெறந்துக்கும்.

பின்னாடி வந்த அத்தனை சண்டையும் இந்த 134 எழுத்தை சுத்தித்தான். மிங் வம்ச காலத்துல வாங் யாங்மிங், 1472லேர்ந்து 1529. சின்ன வயசுல இவரும் ஒரு நண்பரும் ஞானியாகணும்னு தீர்மானம் பண்றாங்க, ஜூ ஷி பொருள்களை ஆராயச் சொல்லியிருக்காரு, முன்னாடி மூங்கில் இருக்கு, சரி இதோட லி என்னன்னு பாத்துடுவோம்னு நண்பர் உக்காந்தாரு. மூணு நாள் பாத்து ஆளு படுத்துட்டாரு. அவருக்குத் தெம்பு பத்தலைன்னு நினைச்சு வாங் உக்காந்தாரு, ஏழாம் நாள் அவருக்கும் ஒடம்பு சரியில்லாம போச்சு. ரெண்டு பேரும் ஞானியாகற பாக்கியம் நமக்கு இல்லன்னு பெருமூச்சு விட்டுட்டு எழுந்துட்டாங்க.

இந்த மூங்கில் கதையை வெச்சு ஜூ ஷியைத் தூக்கிப் போட்டுட்டு நேரா வாங்குக்குப் போறவங்க நிறைய. அது அநியாயம்னு எனக்குத் தோணும். ஜூ ஷி மூங்கிலை மொறைக்கச் சொல்லவே இல்ல. புத்தகம் படிக்கிறது, பழைய ஆளுங்க செஞ்சது சரியா தப்பான்னு விவாதிக்கிறது, கைக்கு வந்த காரியத்தை முறையா செய்யறது, இதெல்லாம்தான் கவூன்னு செங் யியே தெளிவா சொல்லியிருக்காரு. ஜூ ஷி வாழ்ந்ததும் அப்படித்தான். மலை உச்சியில பாறைக்குள்ள சிப்பி பதிஞ்சிருக்கிறதைப் பாத்துட்டு, இந்தப் பாறை ஒரு காலத்துல மண்ணு, சிப்பி தண்ணியில வாழ்றது, அப்ப தாழ்ந்த எடம் ஒசந்திருக்குன்னு யோசிச்சவர் அவர். 1168ல அவர் இருந்த பக்கம் பஞ்சம் வந்தப்ப அரசாங்கத்துகிட்டேர்ந்து 600 மூட்டை அளவு தானியம் கடனா வாங்கி ஜனங்களுக்குக் குடுத்து, அதுலேர்ந்து ஊர்ப் பொதுக் களஞ்சியம் ஒண்ணை உருவாக்கினாரு. அறுவடைக்குத் திருப்பிக் கட்டறப்ப வட்டி நூத்துக்கு இருபது, வெளைச்சல் கொஞ்சம் கொறைஞ்சா பாதி வட்டி தள்ளுபடி, பெரும் பஞ்சம்னா முழுசா தள்ளுபடி, களஞ்சியம் சொந்தக் கால்ல நின்னதும் வட்டியே எடுத்துட்டு எலி, சேதாரத்துக்குன்னு நூத்துக்கு மூணு மட்டும். தனியார்கிட்ட கந்துவட்டிக்கு வாங்கி சாகிறவனுக்கு இரக்கப்படறது முத்து, அந்த இரக்கத்துக்கு எந்த மாசம் எத்தனை படின்னு கணக்கு போடறது கவூ. நான் இப்படித்தான் புரிஞ்சிக்கிறேன்.

ஆனாலும் வாங் கேட்ட கேள்வியில உண்மை இருக்கு. வெளியில இருக்கிற பொருளை ஆயிரம் ஆராய்ஞ்சாலும் என் எண்ணம் எப்படி சுத்தமாகும்? 1506ல அதிகாரத்துல இருந்த லியூ ஜின்ங்கிற அரண்மனை அலுவலரைப் பகைச்சிக்கிட்டு வாங் 40 பிரம்படி வாங்கி, குய்ஜோ மலைப்பக்கம் லோங்சாங்னு ஒரு தபால் நிலையத்துக்குத் தூக்கி அடிக்கப்பட்டாரு. பேசற பாஷை புரியாது, தங்க எடம் இல்ல, விஷக் காய்ச்சல். கூட வந்த வேலைக்காரங்க எல்லாம் படுத்துட்டாங்க, இவரே வெறகு வெட்டி, தண்ணி எடுத்து, கஞ்சி காய்ச்சி ஊத்தி, அவங்க மனசு விட்டுடக்கூடாதுன்னு பாட்டு பாடிக் காட்டறாரு, ஊர்ப் பாட்டும் வேடிக்கைக் கதையும் சொல்றாரு. தனக்குன்னு ஒரு கல்லுப்பெட்டி செஞ்சு வெச்சு அதுக்கு முன்னாடி ராத்திரி பகலா உக்காந்திருக்காரு, ஒரு ஞானி இந்த நெலமையில இருந்திருந்தா இதுக்கு மேல என்ன செஞ்சிருப்பான்னு கேட்டுக்கிட்டே. 1508ல ஒரு நடுராத்திரி கத்திக்கிட்டு எழுந்து குதிக்கிறாரு, வேலைக்காரங்க எல்லாம் பதறி முழிச்சிக்கிறாங்க. அவருக்குப் பட்டது இதுதான்: தேவையான லி முழுசா ஏற்கனவே என் மனசுலயே இருக்கு, வெளியில தேடினதுதான் தப்பு.

இதைப் படிக்கிறப்ப எனக்கு எப்பவும் அந்தக் கஞ்சிதான் கண்ணுக்கு வரும், கல்லுப்பெட்டி இல்ல. அவர் வேலைக்காரங்களுக்குக் கஞ்சி ஊத்தினப்ப எந்தப் புத்தகத்தைப் பாத்து ஊத்தினாரு? அடுத்த வருஷம் அவர் சொல்ல ஆரம்பிச்சதுதான் அறிவும் செயலும் ஒண்ணுங்கிறது. தெரிஞ்சிக்கிறது செய்யறதோட ஆரம்பம், செய்யறது தெரிஞ்சிக்கிறதோட முடிவு. தெரிஞ்சும் செய்யாதவன்னு ஒருத்தன் கிடையாது, அவனுக்குத் தெரியல, அவ்வளவுதான். நாத்தம் மூக்குல ஏறினதும் மொகம் சுளிக்குது, முதல்ல நாத்தம்னு தெரிஞ்சு அப்புறம் யோசிச்சு வெறுக்க முடிவு பண்றதில்லையே. வலியும் பசியும் அப்படித்தான்.

புலிக் கதையோட வெச்சுப் பாருங்க. செங் யி, ஜூ ஷி பக்கம் என்ன சொல்லுதுன்னா அறிவு ஆழமாகட்டும், செயல் தானா வரும். வாங் சொல்றது, ரெண்டும் ஆரம்பத்துலேர்ந்தே ஒண்ணுதான், நம்ம சுயநலம் நடுவுல பூந்து பிரிச்சிருக்கு. இந்த வித்தியாசம் புரிஞ்சிட்டா பாதி நியோ-கன்ஃபூசியனிசம் கையில வந்தாச்சு. நடைமுறையில ரெண்டும் ரெண்டு வெவ்வேற வாழ்க்கை. ஒண்ணுல தினமும் படிக்கணும், குறிப்பு எடுக்கணும், மனசை சிதறவிடாம 'ஜிங்', அதாவது ஒரு பயபக்தியான கவனத்தோட வெச்சிருக்கணும், இருபது வருஷம் ஆகும். இன்னொண்ணுல இப்ப, இந்த நிமிஷம், உள்ள ஒண்ணு 'இது தப்பு'ன்னு சொல்லுதே, லியாங்ஜின்னு அதுக்கு வாங் பேரு வெச்சாரு, அதை ஏமாத்தாம அது சொன்னதை செய்யணும். ரெண்டாவது கேக்க சுலபமா இருக்கும், அதுல ஆபத்தும் இருக்கு, தன் ஆசையையே மனசாட்சின்னு நினைச்சிக்கிற ஆபத்து. வாங் செத்த பிறகு அவர் வழியில வந்தவங்க சில பேர் அங்கதான் போய் நின்னாங்கன்னு அடுத்த தலைமுறையே குத்தம் சாட்டுச்சு.

இந்த சண்டை வாங்கோட ஆரம்பிக்கல. 1175ல ஜூ ஷியும் லூ ஷியாங்ஷானும் எஹு கோயில்ல, அதாவது வாத்து ஏரிக் கோயில்ல, நேருக்கு நேர் உக்காந்து வாதம் பண்ணாங்க. லூ கட்சி மனசுதான் லி, படிப்பு அப்புறம். ஒத்துப்போகாமலே பிரிஞ்சாங்க. ஆனா அதுக்கப்புறம் நடந்ததை நிறைய பேர் சொல்றதில்ல. 1181ல லூ பாக்க வந்தப்ப, ஜூ ஷி தான் புதுசா சீரமைச்ச வெள்ளை மான் குகைக் கல்விக்கூடத்துல தன் மாணவங்களுக்கே பாடம் எடுக்கச் சொல்லி அவரைக் கேட்டுக்கிட்டாரு. லூ எடுத்துக்கிட்டது கன்ஃபூசியஸ் சொன்ன ஒரு வரி, உயர்ந்தவனுக்கு நியாயம் புரியும், சின்னவனுக்கு லாபம் புரியும்ங்கிறது. முன்னாடி உக்காந்திருந்த பசங்களைப் பாத்து, நீங்க எல்லாரும் படிக்கிறது ஞானிகள் நூலைத்தான், ஆனா எதுக்குப் படிக்கிறீங்க, பரீட்சை பாஸாகி, பதவி வாங்கி, சம்பளம் எவ்வளவுன்னு எண்ணத்தானேங்கிற மாதிரி கேட்டாரு. சில பேர் அழுதுட்டாங்க. குளிரடங்காத நேரம், ஜூ ஷி வேர்த்துப்போய் விசிறியை எடுத்து விசிறிக்கிட்டாருன்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் பேச்சை எழுதி வாங்கி கல்லுல செதுக்கி வெச்சாரு. எதிர்க்கட்சி ஆளோட பேச்சை!

இன்னொரு வார்த்தை ரொம்ப முக்கியம், ரென். கருணை, மனிதநேயம்னு மொழிபெயர்ப்பாங்க. செங் ஹாவ், செங் யியோட அண்ணன், இதுக்கு வைத்திய நூல்லேர்ந்து ஒரு விளக்கம் எடுத்தாரு, நான் படிச்சதுலயே மனசுல தெச்ச விளக்கம் அதுதான். கை கால் வெளங்காம போனா சீன வைத்தியத்துல 'ரென் இல்லாம போச்சு'ன்னு சொல்வாங்களாம். நாம மரத்துப்போச்சுன்னு சொல்றோமே அதேதான். கை மரத்துப்போனா அதுல ஊசி குத்தினாலும் அது என் கைன்னு தெரியாது, இருந்தும் இல்லாத மாதிரி. அடுத்தவன் கஷ்டம் உறைக்காதவன் அந்த மாதிரி மரத்துப்போனவன். எல்லாப் பொருளும் என்னோட ஒரே ஒடம்புங்கிறது அவருக்கு வெறும் தத்துவம் இல்ல, இரத்த ஓட்டம். வாங் இதை இன்னும் தூரம் கொண்டு போறாரு: கிணத்துல விழப்போற குழந்தையைப் பாத்தா நெஞ்சு பதறும், இது கன்ஃபூசியஸ் மரபுல வந்த பழைய ஞானி மென்சியஸ் சொன்னது. கொல்லப்போற மிருகத்தோட கத்தலைக் கேட்டாலும் பொறுக்காது, செடி ஒடிஞ்சு கெடந்தாலும் மனசு கஷ்டப்படும், கூரை ஓடும் கல்லும் நொறுங்கிக் கெடக்கிறதைப் பாத்தாக்கூட ஒரு வருத்தம் வருதே, அதுவும் ரென்தான். நெஞ்சுல ஈரம்னு நாம சொல்ற வார்த்தைக்கு இது ரொம்பக் கிட்ட.

சீனாவோட நிறுத்திடாதீங்க. கொரியாவுல இது இன்னும் கூர்மையாச்சு, எனக்கே சீன நூல்களை விட இந்த இடம்தான் பிடிக்கும். 1559ல தொயேகேன்னு ஊரே மதிக்கிற மூத்த அறிஞர், வயசு 58 கிட்ட, அவருக்கு கி தேசுங்னு அவரை விட 26 வயசு சின்னவர், அப்பத்தான் பரீட்சை பாஸ் பண்ணவர், நீங்க சொன்னது தப்புன்னு வாதம் பண்றாரு. விஷயம் இது: இரக்கம், வெக்கம், விட்டுக்குடுக்கறது, சரி தப்பு உணர்றதுன்னு நாலு உணர்வு மென்சியஸ் சொன்னது, சந்தோஷம், கோவம், சோகம், பயம், அன்பு, வெறுப்பு, ஆசைன்னு ஏழு உணர்வு வேற நூல்ல. நாலும் லியிலேர்ந்து வருது, ஏழும் ச்சியிலேர்ந்து வருதுங்கிறாரு தொயேகே. கி கேக்கறாரு, லியும் ச்சியும் பிரியாதுன்னா உணர்வுக்கு ரெண்டு ஊத்து எப்படி இருக்கும், அந்த நாலும் ஏழோட ஒழுங்கா அமைஞ்ச வடிவம்தானே? பல வருஷம் கடிதம் போச்சு வந்துச்சு. பெரியவர் தன் வாக்கியத்தைத் திருத்தறாரு: நாலுல லி கிளம்புது ச்சி பின்னாடி வருது, ஏழுல ச்சி கிளம்புது லி அது மேல ஏறிப் போகுது. இது வெத்து வாதம்னு நினைக்காதீங்க. எனக்கு வர்ற கோவம் அநியாயத்தைப் பாத்து வந்ததா, இல்ல என் அகங்காரத்துல அடிபட்டு வந்ததா, உள்ளேர்ந்தே அதை அடையாளம் கண்டுக்க முடியுமாங்கறதுதான் கேள்வி, தினமும் நமக்குத் தேவைப்படற கேள்வி. தென் கொரியாவோட 1000 வோன் நோட்டுல தொயேகே படம் இருக்கு, 5000 வோன் நோட்டுல இதே வாதத்துல பிற்பாடு கி பக்கம் நின்ன யுல்கோக்.

இதோட இருட்டுப் பக்கத்தையும் சொல்லாம விட்டா நான் நேர்மையா பதில் சொன்னதா ஆகாது. 1313ல மங்கோலிய யுவான் அரசு ஜூ ஷி உரையைப் பரீட்சைப் பாடமா வெச்சுது, 1905ல பரீட்சை முறையே ஒழியற வரைக்கும் அது நீடிச்சுது. மனசைத் தெளிய வெக்கிறதுக்கு எழுதினது பாஸ் மார்க்குக்கு உருப்போடற நோட்ஸ் ஆயிடுச்சு. அதைவிடக் கொடுமை, புருஷன் செத்த ஏழைப் பொம்பளை சோத்துக்கு வழியில்லாம மறுமணம் பண்ணலாமான்னு கேட்டதுக்கு செங் யி, பட்டினி கெடந்து சாகறது சின்ன விஷயம், மானம் போறது பெரிய விஷயம்னு சொன்னாரு. ஜூ ஷி தொகுத்த நூல்லயும் அது ஏறிடுச்சு. அதே செங் யி, தன் அப்பா விதவையான ஒரு உறவுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து மறுமணம் பண்ணி வெச்சதைப் புகழ்ந்தும் எழுதியிருக்காரு. ஆனா பிற்காலத்துல நின்னது அந்தக் கல்லு மாதிரி வாக்கியம்தான், எத்தனையோ பொண்ணுங்க தலையில அது விழுந்துச்சு. 18ஆம் நூற்றாண்டுல தாய் ஜென்ங்கிற சீன அறிஞர் இதைத்தான் கேட்டாரு: சட்டத்தால செத்தவனுக்குக்கூட இரக்கப்பட ஆள் இருக்கு, லியால செத்தவனுக்கு யார் இரக்கப்படறா? மேல இருக்கறவன் தன் அபிப்பிராயத்தையே லின்னு சொல்லி கீழ இருக்கறவன் வாயை அடைச்சிட்டான்னு அவர் சொன்ன குத்தம் இன்னிக்கும் பதில் சொல்ல வேண்டிய குத்தம். தாய் ஜென்னைப் படிக்காம ஜூ ஷியைப் படிச்சு முடிச்சேன்னு யாரும் சொல்லிக்க வேண்டாம்.

இனி படிக்கிற வரிசை. ஜூ ஷியே சொல்லியிருக்காரு, முதல்ல மகா கல்வி, அப்புறம் கன்ஃபூசியஸ் உரையாடல்கள், அப்புறம் மென்சியஸ், கடைசியில நடுநிலைக் கோட்பாடு. நீங்க சின்ன மாத்தம் பண்ணிக்கோங்க: மென்சியஸ்ல அந்தக் கிணத்துக் குழந்தை வர்ற பகுதி, மனுஷ இயல்பு நல்லதாங்கிற வாதம், இது ரெண்டையும் மட்டும் முதல்ல படிச்சிட்டு மகா கல்விக்கு வாங்க, நாலு உணர்வு என்னன்னு தெரியாம அங்க போனா வெறுமையா இருக்கும். அதுக்கப்புறம் ஜூ ஷி மாணவங்களோட பேசினதோட குறிப்புகள், அவர் போனப்புறம் 140 பாகமா தொகுத்தது, அதுல படிக்கிறது எப்படிங்கிற பகுதி மட்டும் டேனியல் கார்ட்னர் இங்கிலீஷ்ல அழகா மொழிபெயர்த்திருக்காரு, அது போதும். அப்புறம் வாங் யாங்மிங் உரையாடல்கள், வின்-சிட் சான் மொழிபெயர்ப்பு. தொயேகே ஒரு இளம் அரசனுக்கு 1568ல பத்துப் படம் வரைஞ்சு குடுத்தாரு, மொத்த மரபும் பத்துப் படத்துல, மைக்கேல் கால்ட்டன் மொழிபெயர்ப்பு இருக்கு, அது மூணாவது. ஜோ துன்யியோட வட்டப்படம் அங்க முதல் படமா வரும், அப்ப பாத்துக்கலாம், இப்ப வேண்டாம்.

சீன மொழி தெரியணுமான்னா ஆரம்பத்துக்கு வேண்டாம், ஆனா ஒரு இருபது எழுத்து மட்டும் கத்துக்கோங்க, லி, ச்சி, ஷின் (மனசு), ஷிங் (இயல்பு), ரென், ஜிங், செங் (நேர்மை) இந்த மாதிரி. ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் ஒவ்வொரு வார்த்தை போடுவாங்க, எழுத்து தெரிஞ்சா எல்லாம் ஒண்ணுதான்னு பிடிபட்டுடும். மூலம் எல்லாமே நெட்ல இலவசமா கிடைக்குது. நான் மகா கல்வியோட அந்த 205 எழுத்தையும் ஒரு நோட்டுல கையால எழுதினேன், தினம் ஒரு வரி, ஒரு மாசம் ஆச்சு.

வேகமா படிக்காதீங்க. மெதுவா மென்னு தின்னா ருசி தங்கும், அள்ளிப் போட்டு முழுங்கினா கடைசி வரைக்கும் ருசியே தெரியாதுன்னு ஜூ ஷி மாணவங்ககிட்ட சொன்னதை நான் அப்படியே பிடிச்சிக்கிட்டேன். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேர் சேர்ந்து அஞ்சு பக்கம்தான் படிப்போம், அதுக்கே மூணு மணி நேரம் ஆகும். தனியா படிச்சா பாதியில விடறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு, ஒருத்தராவது கூட சேத்துக்கோங்க. மகா கல்வியில எண்ணத்தை நேர்மையாக்கறதுங்கிற பகுதிக்கு வரும்போது கொஞ்சம் கூடுதலா நில்லுங்க. ஜூ ஷி 1200ல சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி வரைக்கும் திருத்திக்கிட்டு இருந்தது அந்தப் பகுதிக்கு எழுதின உரையைத்தான்.